வண்டிக்குள் பேச்சு நின்றுபோனால்...

(இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன், புதூர்)



அம்பாஸிடர் கார் ஓடிய காலத்தில் ஒரு மெக்கானிக்குக்கு ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு டெஸ்ட் லைட்டும் இருந்தால் போதும். ஹெட்லைட் எரியவில்லையா? பல்பைப் பார், பியூஸைப் பார், ஒயரைப் பார். மூன்றில் ஒன்றில் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். அந்த அம்பாஸிடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றுபோனது. அதற்கு வெகுகாலம் முன்பே கார்களுக்குள் கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது. இன்று சாதாரணமான ஒரு காரில்கூட என்ஜினுக்கு ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி, ஏ.பி.எஸ். பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுப் பூட்டு, விளக்கு, ஹாரனுக்கு ஒன்று, டேஷ்போர்டு மீட்டருக்கு ஒன்று என்று பல கருவிகள் உட்கார்ந்திருக்கின்றன. இவற்றைத்தான் மாட்யூல் என்கிறோம்.

இந்த மாட்யூல்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பேச்சு எங்காவது அறுந்தால் என்ன ஆகும், அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம். நம்ம கரிசல் சீமையில் இது பரீட்சைக்கு மட்டும் படிக்கிற விஷயம் அல்ல. வத்தல் மூட்டையும் தீப்பெட்டிப் பண்டலும் ஏற்றி ஓடும் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போச்சு. நோய் என்னவென்று தெரியாமல் "மாட்யூல மாத்தணும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த வீட்டின் ஒரு வெள்ளாமைப் பணமே போச்சு.

கேன் என்றால் தண்ணீர் கேன் அல்ல!

நம்ம பக்கம் கேன் என்றாலே தண்ணீர் கேன்தான் நினைவுக்கு வரும். ஆனால் கார்களில் கேன் என்பது ‘கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க்’ என்பதன் சுருக்கம். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் இதை உருவாக்கத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த எஸ்.ஏ.இ. மாநாட்டில் உலகுக்கு அறிவித்தது. 1987-இல் இதற்கான சிப்புகள் வெளிவந்தன. 1993-இல் ஐ.எஸ்.ஓ. 11898 என்னும் எண்ணில் சர்வதேசத் தரமாயிற்று.

இதன் தேவை என்ன? ஓர் உதாரணம் பாருங்கள். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பல கார்களில் ஏ.பி.எஸ். மாட்யூல்தான் அளக்கிறது. அந்த வேகம் டேஷ்போர்டு ஸ்பீடாமீட்டருக்கும் வேண்டும், என்ஜின் மாட்யூலுக்கும் வேண்டும், ஸ்டியரிங் மாட்யூலுக்கும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால் வயரிங் செட் தொடை பருமன் ஆகிவிடும். அதற்குப் பதில் எல்லா மாட்யூல்களையும் இரண்டே ஒயரில் தொங்கவிட்டு, ஒருவர் சொல்வதை எல்லோரும் கேட்கும்படி செய்தார்கள். பஞ்சாயத்து ஒலிபெருக்கியில் "இன்னிக்கு மேலத்தெருவுக்குத் தண்ணி வரும்" என்றால் ஊரே கேட்கிறது. மேலத்தெருக்காரர்கள் மட்டும் குடத்தை எடுக்கிறார்கள். அம்புட்டுதான் விஷயம்.

நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 புகை விதி வந்தது. எனவே நாம் டிப்ளமோ முடித்து ஒர்க்‌ஷாப்பில் தொடப்போகும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு ஒயர் வண்டிகளாகவே இருக்கும்.

ஊர்க்கூட்டமும் இரண்டு ஒயர்களும்

ஒரே ஒயரில் எல்லோரும் பேசினால் கூச்சல் ஆகாதா என்று கேட்கலாம். ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் சின்னவர் நிறுத்திக்கொள்வார். பெரியவர் தடையில்லாமல் பேசி முடிப்பார். கேன் அமைப்பிலும் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறியதாக இருந்தால் மரியாதை பெரியது. இரண்டு செய்திகள் மோதினால் பெரிய எண் உள்ளது தானே ஒதுங்கிக்கொண்டு, லைன் காலியானதும் மறுபடி பேசும். வினாடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் ஓடும் லைனில் ஒரு முழுச் செய்தி ஏறக்குறைய கால் மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது.

இரண்டு ஒயர்களில் ஒன்றுக்குப் பெயர் கேன் ஹை. மற்றொன்று கேன் லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஹை 3.5 வோல்ட்டுக்கு ஏறும், லோ 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மாட்யூல்கள் படிக்கின்றன. புதூரிலிருந்து கோவில்பட்டி வரும் பஸ் பள்ளத்தில் விழும்போது பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரும் சேர்ந்தே குதிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குள் உள்ள உயர வித்தியாசம் மாறுவதில்லை அல்லவா? அதேபோல் ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில் போன்றவற்றின் இரைச்சல் இரண்டு ஒயரையும் ஒன்றாகவே தாக்குகிறது. வித்தியாசம் அப்படியே இருக்கிறது. இரண்டு ஒயரையும் முறுக்கி வைத்திருப்பது இதற்காகத்தான்.

லைனின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வீதம் இருக்கும். இது எதற்கு? கிணற்றுக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டால் நம் குரலே திரும்பி வந்து நம் பேச்சைக் குழப்புகிறது. ஒயரின் கோடியிலும் சிக்னல் அப்படித்தான் எதிரொலிக்கும். அந்த எதிரொலியை விழுங்குவதே இந்த ரெசிஸ்டரின் வேலை. பெரும்பாலும் இவை ஏதாவது இரண்டு மாட்யூல்களுக்குள்ளேயே இருக்கும். எந்த இரண்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சர்வீஸ் மானுவலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிறப்பும் உண்டு. ஒவ்வொரு மாட்யூலும் தன் தவறுகளைத் தானே எண்ணிக்கொள்கிறது. அனுப்பிய செய்தி கெட்டுப்போனால் கணக்கில் பொதுவாக 8 கூடும். சரியாகப் போனால் 1 குறையும். கணக்கு 255-ஐத் தாண்டினால் அந்த மாட்யூல் லைனை விட்டுத் தானே விலகிவிடும். இதற்கு ‘பஸ் ஆஃப்’ என்று பெயர். ஒருவர் கெட்டால் கூட்டம் முழுவதும் கெடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

குறை சொல்பவர் யார், யாரைப் பற்றி?

இனி நோய்க்கு வருவோம். ஸ்கேனரை மாட்டினால் வரும் கோடுகளில் பி என்று தொடங்குவது என்ஜின், கியர் சம்பந்தப்பட்டது, சி என்பது பிரேக், ஸ்டியரிங் போன்ற சேசிஸ் பகுதி, பி.சி.எம். எனப்படும் பாடி மாட்யூல், ஏர்பேக் முதலியவற்றுக்குப் பாடி வரிசைக் கோடுகள். யூ என்று தொடங்கினால் பேச்சுவார்த்தைக் கோளாறு. யூ 0100 என்றால் என்ஜின் மாட்யூலோடு தொடர்பு இல்லை. யூ 0121 என்றால் ஏ.பி.எஸ். மாட்யூலோடு தொடர்பு இல்லை. யூ 0140 பாடி மாட்யூலையும், யூ 0155 டேஷ்போர்டு மீட்டரையும் குறிக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யூ 0121 என்ற கோடு என்ஜின் மாட்யூலில் பதிவாகியிருந்தால் என்ஜின் மாட்யூல் கெட்டது என்று பொருளல்ல. "ஏ.பி.எஸ். பேசவில்லை" என்று அது புகார் கொடுக்கிறது, புகார் கொடுக்கும் அளவுக்கு அது உயிரோடு இருக்கிறது. காணாமல் போனவன் புகார் கொடுக்க மாட்டான். பக்கத்து வீட்டுக்காரன்தான் கொடுப்பான்! அந்தக் காணாமல் போன ஏ.பி.எஸ். மாட்யூலும் கெட்டுத்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம், எர்த் கிடைக்காமல் இருக்கலாம், இரண்டு ஒயரில் ஒன்று அறுந்திருக்கலாம். மாட்யூலைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

ஆகவே முதல் வேலை, ஸ்கேனரில் எல்லா மாட்யூல்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் சொல்வது எது, சொல்லாதது எது என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதுவது. கோடுகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும் முன் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு மாட்யூல் பேசவில்லை என்றால் அதன் கரண்ட், எர்த், கிளை ஒயரைப் பார்க்க வேண்டும். ஒருவரும் பேசவில்லை என்றால் முதன்மை லைனைப் பார்க்க வேண்டும். பேட்டரியையும் மறக்கக் கூடாது. செல்ப் அடிக்கும்போது வோல்டேஜ் மிகவும் இறங்கினால் மாட்யூல்கள் மயங்கி விழுந்து, வேறு எந்தக் குறையும் இல்லாமலே யூ கோடுகள் பதிவாகும்.

மல்டிமீட்டரால் ஐந்து சோதனைகள்

விலை உயர்ந்த கருவி இல்லாமலே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம். டிரைவர் காலுக்கு மேலே டேஷ்போர்டின் அடியில் 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். பொதுவாக 6-ஆம் பின் கேன் ஹை, 14-ஆம் பின் கேன் லோ. 4, 5 இரண்டும் எர்த். 16 பேட்டரி பிளஸ்.

1. ஓம் சோதனை: இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்து, மாட்யூல்கள் தூங்கும்வரை சில நிமிடம் பொறுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றவும். 6-க்கும் 14-க்கும் இடையே அளக்கவும். இரண்டு 120 ஓம் இணையாக இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு ரெசிஸ்டர் லைனில் இல்லை. ஒயர் எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது ரெசிஸ்டர் உள்ள மாட்யூலின் கப்ளர் கழன்றிருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று உரசுகின்றன. 40 வந்தால் மூன்றாவது ரெசிஸ்டர் எங்கோ சேர்ந்துவிட்டது. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் சாக்கெட்டுக்கு வரும் ஒயரே அறுந்திருக்கக் கூடும்.

2. எர்த் உரசல்: அதே நிலையில் 6-க்கும் 4-க்கும், பிறகு 14-க்கும் 4-க்கும் அளக்கவும். சில ஓம்கள் மட்டும் காட்டினால் அந்த ஒயர் பாடியில் உரசுகிறது.

3. வோல்ட் சோதனை: பேட்டரியை மாட்டி இக்னிஷனைப் போடவும். 16-க்கும் 4-க்கும், 16-க்கும் 5-க்கும் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். பிறகு எர்த்திலிருந்து கேன் ஹை சுமார் 2.6 அல்லது 2.7, கேன் லோ சுமார் 2.3 அல்லது 2.4 காட்டும். மீட்டர் சராசரியைத்தான் காட்டுவதால் 3.5-ஐயும் 1.5-ஐயும் தனியாகப் பார்க்க முடியாது. இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். ஹையில் 12 வோல்ட் வந்தால் அது பேட்டரி ஒயரோடு உரசுகிறது.

4. கழற்றிப் பார்த்தல்: லைன் முழுவதும் செத்துக் கிடந்தால் மாட்யூல்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் மீட்டரைப் பார்க்கவும். எதைக் கழற்றியதும் லைன் உயிர் பெறுகிறதோ அந்த மாட்யூலிலோ அதன் கிளை ஒயரிலோதான் கோளாறு. ரெசிஸ்டர் உள்ள மாட்யூலைக் கழற்றினால் 120 ஓம் ஆவது இயல்பு. அதைக் கண்டு மிரள வேண்டாம்.

5. அலை வடிவம்: ஆசிலாஸ்கோப் கிடைத்தால் ஹையும் லோவும் கண்ணாடிப் பிம்பம் போல ஒன்று ஏற, மற்றது இறங்கத் தெரியும். ஒன்று மட்டும் ஆடாமல் நின்றால் அந்த ஒயரைப் பிடியுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். 60 ஓம் வந்துவிட்டால் எல்லாம் நலம் என்று எண்ணக் கூடாது. ரெசிஸ்டர் இல்லாத மாட்யூலின் கிளை ஒயர் அறுந்தாலும் 60 ஓம்தான் காட்டும். மேலும் சில புதிய வண்டிகளில் சாக்கெட்டுக்கும் உள் லைன்களுக்கும் நடுவே கேட்வே என்னும் வாசல் மாட்யூல் இருக்கும். அப்போது சாக்கெட்டில் அளப்பது வாசல்வரை மட்டுமே. உள்ளே அந்தந்த லைனின் கப்ளரில்தான் அளக்க வேண்டும்.

மீட்டர் ஏமாற்றும் இடம்

கோவில்பட்டியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவரிடம் லீவு நாட்களில் வேலை பழகுகிறேன். எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடும் கார் ஒன்று அவரிடம் வந்தது. ஸ்பீடாமீட்டர் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது, ஸ்டியரிங் கல் மாதிரி கனக்கிறது, என்ஜின் விளக்கும் எரிகிறது. வேறொரு இடத்தில் "ஏ.பி.எஸ். யூனிட் போயிடுச்சு" என்று சொல்லி ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை கேட்டிருந்தார்கள். நாலு விளக்கு எரிந்தாலும் நோய் ஒன்றாக இருக்கலாம் என்பது மேலே சொன்ன வேகக் கணக்கிலிருந்தே விளங்கும்: ஏ.பி.எஸ். மௌனமானால் வேகத்தை எதிர்பார்க்கும் எல்லோரும் தடுமாறுவார்கள். மூன்று மாட்யூல்களிலும் யூ 0121 இருந்தது. லைனில் 60 ஓம்.

ஏ.பி.எஸ். கப்ளரில் மீட்டர் 12 வோல்ட் காட்டியது. எர்த்தும் பீப் சத்தம் கொடுத்தது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மீட்டருக்கு என்னடே, அது சும்மா எட்டிப் பாக்கும். சுமை தூக்கச் சொல்லிப் பாரு" என்று சொல்லி, 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அந்தக் கரண்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மாட்டினார். பல்பு மங்கலாக எரிந்தது. அதே பல்பு நேராகப் பேட்டரியில் பளிச்சென்று எரிந்தது.

காரணத்தைக் கணக்காகப் பார்ப்போம். 21 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் ஓடும். அதாவது ஏறக்குறைய 7 ஓம். எர்த் போல்ட்டில் 5 ஓம் துரு இருந்தால் மொத்தம் 12 ஓம் ஆகி 1 ஆம்பியர்தான் ஓடும். அதில் 5 வோல்ட்டைத் துரு தின்றுவிடும். பல்புக்கு மிஞ்சுவது 7. மல்டிமீட்டரோ கரண்ட்டே இழுப்பதில்லை. ஆகவே துருவில் ஒன்றும் இறங்காமல் முழு 12 வோல்ட்டையும் காட்டிவிடும். பேட்டரி தட்டுக்குக் கீழே அந்த எர்த் போல்ட் ஆசிட் பட்டு வெள்ளை பூத்திருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து முறுக்கியதும் நாலு விளக்கும் அணைந்தன. மாட்யூல் நல்லாத்தான் இருந்தது!

பல்புச் சோதனையைக் கரண்ட், எர்த் பின்களில் மட்டும் செய்ய வேண்டும். கேன் ஒயர்களில் பல்பை மாட்டினால் மாட்யூல் கெட்டுப்போகலாம். மஞ்சள் நிற ஏர்பேக் கப்ளர்களில் எந்தச் சோதனையும் கூடாது.

கரிசல் காட்டுக் காரணங்கள்

நம்ம பகுதியில் ஒயர் கெடுவதற்குச் சில தனிக் காரணங்கள் உண்டு. முதலாவது எலி. மக்காச்சோளமும் கம்பும் அறுத்துக் களம் சேர்ந்தபின் காட்டு எலி வீடுகளைத் தேடி வருகிறது. வெதுவெதுப்பான என்ஜின் அறை அதற்கு அரண்மனை. பானெட்டுக்குள் புகையிலை கட்டித் தொங்கவிடுபவர்களும் உண்டு. இரண்டாவது மண். கோடையில் பொடியாகக் கப்ளருக்குள் புகுகிறது. மழையில் களியாகச் சக்கரத்தின் சென்சார் ஒயரில் அப்பி, காயும்போது இழுக்கிறது. மூன்றாவது வெயில். ஒயரின் மேலுறை முறுகி வெடிக்கிறது. நான்காவது நாமே! பாட்டுப் பெட்டி, ஃபாக் லைட், ஜி.பி.எஸ். கருவி மாட்டுகிறவர்கள் கையில் அகப்பட்ட ஒயரைச் சுரண்டிக் கரண்ட் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே வண்டிக்காரரிடம் "சமீபத்துல என்ன மாட்டினீங்க, எங்க வாட்டர் சர்வீஸ் விட்டீங்க, எலித் தொல்லை உண்டா?" என்று கேட்பது ஸ்கேனருக்கும் முந்திய சோதனை எனலாம்.

அறுந்த கேன் ஒயரை இணைக்கும்போது சும்மா முறுக்கி டேப் சுற்றக் கூடாது. சால்டரிங் செய்தோ முறையான கிரிம்ப் போட்டோ இணைத்து, ஸ்லீவ் மாட்டி, இரண்டு ஒயரின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல் சற்றுத் தள்ளி அமைத்து, பழையபடி முறுக்கி வைக்க வேண்டும். முறுக்கு இல்லாத நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

தோழர்களே, எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் படித்தவர் எவருமில்லை. நம்மில் பலருடைய வீடும் அப்படித்தான். ஊரில் "படிச்ச புள்ள சொல்லுது" என்றால் மறுகேள்வி கேட்காமல் பணத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் நாம் அளந்து எழுதிய ஓர் எண்ணாவது இருக்க வேண்டும். "மாட்யூல் போச்சு" என்று சொல்லும் முன் கரண்ட் பார்த்தோமா, எர்த்துக்குச் சுமை கொடுத்துப் பார்த்தோமா, 60 ஓம் பார்த்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மூன்றுக்கும் ஆம் என்றால் தைரியமாகச் சொல்லலாம். இல்லையென்றால் மீட்டரை மறுபடி கையில் எடுப்போம்.